சட்டைப் பை எந்தப் பக்கம்? ஓவியம் வரையக் கொடுப்போரின் கேள்விகளும் பதில்களும்

கடையில் தொங்கும் படத்தைப் பிடித்துப்போய் வாங்குவது வேறு, நமக்கென்று ஓர் ஓவியரை வரையச் சொல்வது வேறு. இரண்டாவதில் படம் பிறப்பதற்கு முன்பே பாதி விஷயங்களை முடிவு செய்தாக வேண்டும். அதைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

அப்பா இறந்து பல வருடங்கள் ஆகின்றன. 1983-ல் ஸ்டூடியோவில் எடுத்த பாஸ்போர்ட் அளவு கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றும், ஒரு கல்யாணத்தில் எடுத்த மங்கிய கலர்ப் படம் ஒன்றும்தான் இருக்கின்றன. இவற்றை வைத்து ஆயில் பெயின்டிங் வரைய முடியுமா? — வாசகி, திருச்சி

முடியும். ஆனால் ஓவியரைத் தேடுவதற்கு முன் படத்தைத் தயார் செய்யுங்கள். முகச்சாயல் தவறிப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பாஸ்போர்ட் படத்தைக் கைப்பேசியில் எடுத்து வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாதீர்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும்; கண்ணோரச் சுருக்கமும் மீசையின் ஓரமும் கரைந்துபோகும். நல்ல ஸ்கேனர் உள்ள கடையில் 1200 டிபிஐ (அங்குலத்துக்கு 1200 புள்ளி) வைத்து ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். 35 மி.மீ. × 45 மி.மீ. படம் அப்போது ஏறக்குறைய 1,650 × 2,100 புள்ளிகள் கொண்ட கோப்பாக வரும். ஓவியருக்கு அது தாராளம். வாட்ஸ்அப்பில்தான் அனுப்ப வேண்டுமென்றால் 'டாக்குமென்ட்' என்று இணைத்து அனுப்புங்கள். அந்தக் காலத்து ஸ்டூடியோ தாள்களில் சில, தேன்கூடு போலச் சொரசொரப்பாக இருக்கும். ஸ்கேனரின் வெளிச்சம் அந்த மேடு பள்ளத்தையெல்லாம் முகத்தின் மேல் புள்ளிகளாகக் காட்டிவிடும். அப்படிப்பட்ட படத்தைப் பகலில் வராந்தா நிழலில் வைத்து, ஃபிளாஷ் போடாமல், நேர் மேலிருந்து எடுப்பதுதான் சரி. சட்டத்துக்குள் இருக்கும் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் பிய்த்து எடுக்காதீர்கள். கண்ணாடியோடு அப்படியே எடுங்கள்.

அடுத்தது, ஸ்டூடியோக்காரர்கள் அப்போது நெகட்டிவின் மேலேயே பென்சிலால் 'டச்சிங்' செய்வார்கள். சுருக்கம், அம்மைத் தழும்பு, மச்சம் எல்லாம் அதில் காணாமல் போயிருக்கும். உங்கள் அப்பாவுக்கு முகத்தில் எங்கே மச்சம், எந்தப் புருவத்தில் வெட்டு, மூக்குக்கண்ணாடி போடுவாரா, அதன் தழும்பு மூக்கில் இருக்குமா என்பதை வீட்டில் மூத்தவர்களைக் கேட்டு எழுதிக் கொடுங்கள்.

பிரதி எடுக்கும்போது படம் இடம் வலமாகத் திரும்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். எளிய சோதனை சட்டைப் பை. ஆண்கள் சட்டையில் பை அணிபவரின் இடது மார்பில் இருக்கும். படத்தில் அது நமக்கு வலப்பக்கம் தெரிய வேண்டும். அம்மாவின் படமென்றால் சேலை முந்தானை. திரும்பிய படத்தை வைத்து வரைந்தால் வகிடு மாறும், மச்சம் கன்னம் மாறும். பார்க்கும் சொந்தக்காரர்களுக்கு எது தப்பு என்று சொல்லத் தெரியாது. 'ஏதோ அவர் மாதிரி இல்லை' என்பார்கள்.

கல்யாணப் படத்தின் நிறத்தை நம்ப வேண்டாம். பழைய கலர்ப் பிரதிகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்குவதால் படம் முழுக்கச் சிவந்துபோகும். அதைப் பார்த்து வரைந்தால் மாநிறக்காரர் செம்மண் நிறத்தில் வருவார். அப்பாவின் நிறத்தையொத்த அண்ணன் தம்பியோ பிள்ளையோ இருந்தால், ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், ஒன்றரை இரண்டு மீட்டர் தள்ளி நின்று ஒரு படம் எடுத்து, 'நிறத்துக்கு மட்டும்' என்று குறித்துக் கொடுங்கள். பக்கத்தில் வைத்து எடுக்கும் செல்ஃபி வேண்டாம், மூக்கு பெருத்துக் காது சுருங்கும்.

அளவைப் பொறுத்தவரை, மோவாயிலிருந்து உச்சந்தலை வரை ஒரு பெரியவரின் தலை சுமார் 9 அங்குலம். படத்தில் தலை அதைவிடப் பெரிதாக இருந்தால் அறையில் நிற்பவரை அமுக்குவது போலத் தோன்றும். தோள்வரை உள்ள படத்துக்கு 18 × 24 அங்குலக் கேன்வாஸில் 7 அங்குலத் தலை நன்றாக அமையும். பாஸ்போர்ட் படத்தில் தெரியாத கை, வேட்டி, நாற்காலி எல்லாம் வேண்டுமென்றால், அவர் உட்கார்ந்த விதத்தில் வீட்டில் ஒருவரை உட்கார வைத்துப் படமெடுத்துக் கொடுக்க வேண்டும். வெளிச்சம் பாஸ்போர்ட் படத்தில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறதோ அதே பக்கத்திலிருந்து விழ வேண்டும். மூக்கின் நிழலைப் பார்த்தால் பக்கம் தெரியும். தலைக்கு ஒரு வெளிச்சம், உடம்புக்கு ஒரு வெளிச்சம் என்றால் வெட்டி ஒட்டியது போலவே இருக்கும்.

நல்ல ஓவியரை எங்கே தேடுவது? — வாசகர், விழுப்புரம்

சென்னை எழும்பூரிலும் கும்பகோணத்திலும் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரிகளின் மாணவர் கண்காட்சிகள், கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் சென்னை மண்டல மையம், 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் என்று நேரில் பார்க்க இடங்கள் இருக்கின்றன. இன்ஸ்டாகிராமில் பார்த்தால், அவருடைய மிகச்சிறந்த ஒன்றைப் பார்த்து முடிவு செய்யாமல், உங்களுக்கு வேண்டிய அதே வகையில் மூன்று படங்கள் காட்டச் சொல்லுங்கள். உருவப்படம் என்றால் கைகளைக் கவனியுங்கள். முகத்தைப் புகைப்படத்தின் மேல் தடம் எடுத்து ஒப்பேற்றிவிடலாம். விரல் மடங்கும் இடத்தில் கைத்திறன் தெரிந்துவிடும். கறுத்த தோலை அவர் எப்படி வரைகிறார் என்றும் பாருங்கள். நிழலில் வெறும் கறுப்பைக் கலந்தால் முகம் கரி பூசியதாகும். தெரிந்தவர் அங்கே நீலமும் செம்பழுப்பும் ஊதாவும் வைத்திருப்பார்.

ஓவியர் பாதித் தொகையை அட்வான்ஸாகக் கேட்கிறார். கொடுத்தால் ஏமாந்துவிடுவோமா என்று பயம். எழுதி வாங்கலாமா, தப்பாக நினைப்பாரா? — வாசகர், கோவை

அட்வான்ஸ் கேட்பது நியாயம். நீங்கள் வாங்காவிட்டால் உங்கள் தாத்தா படத்தை அவர் வேறு யாருக்கு விற்க முடியும்? 30 முதல் 50 சதவீதம் வரை வழக்கத்தில் உண்டு. முதல்முறை பழகுகிறீர்கள் என்றால் மூன்றாகப் பிரியுங்கள்: ஆர்டரின்போது 30, ஸ்கெட்ச்சை நீங்கள் ஒப்புக்கொண்டதும் 40, முடிந்த படத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுத்த வீடியோவில் பார்த்த பிறகு அனுப்புவதற்கு முன் 30. பணத்தை யுபிஐ அல்லது வங்கி வழியாகவே கொடுங்கள். குறிப்பில் 'ஓவியம் முதல் தவணை' என்று எழுதுங்கள்.

எழுதி வாங்குவதில் தப்பே இல்லை. நல்ல ஓவியர்கள் தாங்களே கேட்பார்கள். முத்திரைத்தாள் தேவையில்லை. இப்படி ஒரு பக்கம் எழுதி இருவரும் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ 'சம்மதம்' என்று பதில் போட்டால் போதும்:

'18 × 24 அங்குலம், காட்டன் கேன்வாஸ், ஆயில் கலர். ஒருவர், தோள்வரை, பின்னணி பழுப்பு. அளவு பிரேம் இல்லாமல். இணைத்துள்ள இரண்டு படங்களே ஆதாரம். பென்சில் ஸ்கெட்ச் 10 நாளில். அதில் இரண்டு முறை திருத்தம் இலவசம். வண்ணம் தொடங்கிய பிறகு அமைப்பை மாற்றினால் தனிக் கட்டணம். முடிந்த படத்தில் ஒருமுறை சிறு திருத்தம். ஸ்கெட்ச்சுக்கு முன் ரத்து செய்தால் அட்வான்ஸில் பாதி திரும்ப. ஒப்புக்கொண்ட பிறகு ரத்து செய்தால் திரும்ப இல்லை. ஓவியரால் முடிக்க முடியாமல் போனால் முழுப்பணமும் திரும்ப. பார்சல் செலவு வாங்குபவர் பொறுப்பு. வழியில் சேதமானால் சரிசெய்வது யார் என்பது…'

இந்தக் கடைசி வரியைப் பேசாமல் விட்டுவிட்டுத்தான் பலரும் பிறகு சண்டை போட்டுக்கொள்கிறார்கள். பேசி முடித்து எழுதுங்கள்.

படம் முடித்துத் தர வேண்டிய தேதியையும் எழுத வேண்டும். ஆயிலில் ஒரு பூச்சு காய்ந்து அடுத்தது போட மூன்று நாள் முதல் ஒரு வாரம் ஆகும், மழைக்காலத்தில் இன்னும் கூடும். மூன்று நான்கு பூச்சு என்றால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். அறுபதாம் கல்யாணத்துக்கு வேண்டுமென்றால் மூன்று மாதம் முன்பே கொடுங்கள். அவசரப்படுத்தினால் அடிப்பூச்சு காய்வதற்குள் மேற்பூச்சு விழும். மேலே இருப்பது முதலில் இறுகி, அடியில் உள்ளது பிறகு அசையும்போது வெடிப்பு விடும்.

ஒரே அளவுக்கு ஒருவர் 8,000 ரூபாயும் இன்னொருவர் 40,000 ரூபாயும் சொல்கிறார்கள். எது சரியான விலை? — வாசகர், சேலம்

இரண்டும் சரியாக இருக்கலாம், ஆனால் இரண்டும் ஒரே பொருளாக இருக்காது. பலர் சதுர அங்குலக் கணக்கு வைத்திருக்கிறார்கள். உதாரணத்துக்கு, 18 × 24 என்றால் 432 சதுர அங்குலம்; அங்குலத்துக்கு 50 ரூபாய் என்று ஒருவர் வைத்தால் 21,600. இதன்மேல் கூடுதல் முகம் ஒவ்வொன்றுக்கும் தனித் தொகை வரும். சின்னப் படத்துக்கு அங்குல விலை ஏறும். 8 × 10-லும் முகத்துக்கு அதே உழைப்புதான். பிரேம், பார்சல் விலையில் சேர்ந்ததா என்று கேளுங்கள். ஜிஎஸ்டி பதிவு இல்லாத ஓவியர் வரி என்று சேர்த்து வாங்கக் கூடாது. பதிவு இருந்தால் எண்ணோடு பில் தர வேண்டும்.

வித்தியாசம் எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், வண்ணத்தில். மாணவர் தர ட்யூபில் நிறமி குறைவு, நிரப்புப் பொடி அதிகம். மங்காத தன்மையை ட்யூபின் மேலேயே குறித்திருப்பார்கள். 'ஏஎஸ்டிஎம் 1' அல்லது '2' உள்ள வண்ணங்களில்தான் வரைவேன் என்று அவர் சொன்னால் நிம்மதி. அலிசரின் கிரிம்சன் என்ற பழைய சிவப்பு வெளிச்சத்தில் வெளுக்கும். பட்டுச் சேலையின் அரக்குச் சிவப்புக்கு அதைத்தான் பலரும் எடுப்பார்கள். அதற்குப் பதில் குயினாக்ரிடோன் வகைச் சிவப்பைக் கேளுங்கள். ஃப்ளோரசன்ட் வண்ணங்கள் வேண்டவே வேண்டாம்.

பூஜையறைக்குத் தஞ்சாவூர் ஓவியம் வரையக் கொடுக்கப் போகிறோம். '22 காரட்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். என்னென்ன கேட்க வேண்டும்? — வாசகி, மதுரை

தங்கத்தைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வருகிறார்கள். தங்கத்தைத் தாங்கி நிற்கும் அடித்தளத்தை யாரும் கேட்பதில்லை. படம் கெடுவது அடியிலிருந்துதான்.

முன்பு பலா மரப் பலகை. இப்போது பெரும்பாலும் பிளைவுட். அது வாட்டர்ப்ரூஃப் ரகமா, எத்தனை மி.மீ. என்று கேளுங்கள். இரண்டடிக்கு மேல் போனால் 12 மி.மீ. பலகை கேட்பது நல்லது. மெல்லிய பலகை மழைக்காலத்தில் வளையும், வளைந்தால் மேலே உள்ளதெல்லாம் விரியும். பலகைமேல் துணி ஒட்டி, அதன்மேல் சுண்ணப் பொடியும் கோந்தும் கலந்து பல பூச்சுப் பூசி, காய்ந்தபின் வழவழப்பாகத் தேய்ப்பார்கள். பிறகுதான் படம் எழுதுவது, கல் பதிப்பது, மக்கு வேலை.

மக்கு என்பது நகையும் தூணும் மாலையும் புடைத்துத் தெரிவதற்காக வைக்கும் அந்தப் பசை. பொடியும் கோந்தும்தான், ஆனால் பதம் கையில் இருக்கிறது. கோந்து குறைந்தால் காய்ந்ததும் விரலில் மாவு ஒட்டும், மேலே ஒட்டும் ரேக்கோடு (மெல்லிய தங்கத் தகட்டோடு) சேர்ந்து உதிரும். கோந்து கூடினால் காயும்போது இறுகி இழுத்து, விளிம்பு பலகையை விட்டுத் தூக்கும். பதம் சரியாக இருந்தும் ஒரே தடவையில் கனமாக வைத்தால் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். இரண்டு மாதம் கழித்து தங்கத்தின் மேல் மயிரிழைக் கோடுகள் ஓடும். மெல்லிதாக வைத்து, காய விட்டு, மேலே இன்னொன்று வைத்துத்தான் உயர்த்த வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் இது காய்வதற்கு வெயில் கிடைக்காது, கோந்தில் பூஞ்சையும் பிடிக்கும். தை மாதத்துக்கு வேண்டுமென்றால் ஆடியிலேயே கொடுத்துவிடுங்கள்.

மக்கு காய்ந்த நிலையில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பக்கவாட்டு வெளிச்சத்தில். தங்கம் ஒட்டிய பிறகு அடியில் நடந்தது எதுவும் தெரியாது.

இனி தங்க ரேக்கு. போலி ரேக்கு செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை வகை. முதல் வருடம் நிஜத்தைவிட அதிகமாகப் பளபளக்கும், பிறகு விளிம்பிலிருந்து கறுக்கும், பச்சை ஏறும். '22 காரட்' என்று சொல்லப்படும் ரேக்குகளிலும் வெள்ளித் தகட்டின் மேல் தங்கம் ஏற்றியவை உண்டு. இது ஏமாற்று அல்ல, ஆனால் எது என்று பில்லில் எழுத வேண்டும். வெட்டி எஞ்சிய ரேக்குத் துண்டுகள் சிலவற்றை ஓர் உறையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் தங்கம் பரிசோதிப்பவரிடம் அந்தத் துண்டுகளைக் காட்டலாம். படத்தின் மேல் எந்தத் திரவத்தையும் வைத்துச் சோதிக்க விடாதீர்கள்.

'தஞ்சாவூர் ஓவியம்' 2007-08-ல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெயரைச் சொல்லி விற்கப்படும் எல்லாமே அந்த முறையில் செய்தவை அல்ல. அச்சடித்த படத்தின் மேல் கல்லும் ரேக்கும் ஒட்டியதும் அதே பெயரில் கிடைக்கிறது. சுவாமியின் முகத்தைச் சாய்த்துப் பாருங்கள். கையால் தீட்டிய முகத்தில் புருவக் கோடு தொடங்கும் இடம் தடித்து, முடியும் இடம் மெலிந்து இழையும். அச்சில் கோடு முழுக்க ஒரே தட்டையாக இருக்கும்.

அளவைச் சொல்லும்போது கவனம். 24 × 18 என்று அவர்கள் சொல்வது படத்தின் அளவு. 3 அங்குல அகலச் செட்டிநாட்டு பிரேம் போட்டால் வெளி அளவு 30 × 24 ஆகிவிடும். பூஜை மாடத்தை அளந்து, 'பிரேமோடு சேர்த்து இதற்குள்' என்று சொல்லுங்கள். படம் கண்ணாடியைத் தொடக் கூடாது. மக்கு புடைத்திருப்பதால் நடுவில் இடைவெளிக் கட்டை வேண்டும். கோந்து வேலை என்பதால் ஈரத்துணி ஆகாது, கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும் துடையுங்கள். குத்துவிளக்கு நேர் கீழே வேண்டாம், இரண்டடி தள்ளி வையுங்கள்.

தெய்வத்தின் அங்க அடையாளங்களை முதலிலேயே முடிவு செய்யுங்கள். குலதெய்வம் என்றால் கோயில் அலங்காரப் படத்தைக் கொடுத்து, எந்தக் கையில் எந்த ஆயுதம், எத்தனை கை, வாகனம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குருக்களிடமோ பூசாரியிடமோ கேட்டு எழுதிக் கொடுங்கள். கல் பதித்த பிறகு கையை மாற்ற முடியாது.

நாங்கள் பணம் கொடுத்து வரைந்த எங்கள் வீட்டுப் படத்தை ஓவியர் அச்சுப் பிரதி எடுத்து விற்கலாமா? நாங்கள் விற்கலாமா? — வாசகர், புதுச்சேரி

இந்தியச் சட்டத்தில் இதற்குப் பலரும் எதிர்பார்க்காத பதில் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டம், 1957, 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டு, பணம் கொடுத்து வரையப்பட்ட ஓவியத்தின் முதல் பதிப்புரிமை, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவருக்கே. கடையில் ஏற்கெனவே வரைந்து வைத்திருந்ததை வாங்கினால் அப்படி இல்லை. உரிமை ஓவியரிடமே இருக்கும். ஓவியர்களில் பலர் பிரதி உரிமையைத் தாங்கள் வைத்துக்கொள்ள விரும்புவார்கள். அப்படியானால் அதை எழுதிக்கொள்ள வேண்டும். எங்கள் யோசனை: குடும்பப் படமென்றால் உரிமை உங்களிடம், தன் வேலையைக் காட்டிக்கொள்ள மட்டும் அவருக்கு அனுமதி. இயற்கைக் காட்சியோ கற்பனை ஓவியமோ என்றால் அவரிடமே விட்டுவிடுங்கள், அது அவர் பிழைப்பு.

உரிமை யாரிடம் இருந்தாலும், படத்தைச் சிதைக்கவோ அவர் பெயரை அழிக்கவோ உங்களுக்கு உரிமை இல்லை. 57-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. டெல்லி விஞ்ஞான் பவனிலிருந்து கழற்றிச் சேதப்படுத்தப்பட்ட தன் வெண்கலச் சுவர்ச்சிற்பத்துக்காக அமர்நாத் செகல் அரசை எதிர்த்து வழக்காடி 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வென்றது இந்தப் பிரிவின் கீழ்தான்.

கேன்வாஸில் அச்சடித்து மேலே கொஞ்சம் பூசிக் கொடுத்துவிடுகிறார்கள் என்கிறார்களே, எப்படிக் கண்டுபிடிப்பது? — வாசகி, ஈரோடு

பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் ஒன்று போதும். முகத்தில் நிழலும் வெளிச்சமும் சேரும் இடத்தைப் பாருங்கள். அச்சு என்றால் நுண்ணிய மைப்புள்ளிகள் தூவியது போலத் தெரியும். வண்ணம் என்றால் தூரிகை இழுத்த வரி தெரியும். மேலே ஜெல் பூசிப் போலித் தூரிகைத் தடம் உண்டாக்கியிருந்தால், அந்தத் தடம் கன்னத்தின் வளைவோடு போகாமல் தன்பாட்டுக்குக் குறுக்கே போகும். இதற்கெல்லாம் முன்பே, அடிக்கோடு, முதல் பூச்சு, பாதி, முடிவு என்று நான்கு கட்டப் படங்கள் அனுப்பும்படி ஆர்டரிலேயே எழுதிவிட்டால் பிரச்சினை இல்லை.

படம் முடிந்துவிட்டது என்று அனுப்பியிருக்கிறார். அம்மாவைப் போலவே இல்லை. எப்படிச் சொல்வது? — வாசகர், நாகர்கோவில்

முதலில், உங்களுக்கு வந்த புகைப்படத்தைச் சந்தேகியுங்கள். கைப்பேசியை ஓரடி தூரத்தில் வைத்து எடுத்தால் ஓவியமே கோணலாகும். இரண்டு மீட்டர் தள்ளி, நேராக, ஜன்னல் வெளிச்சத்தில், பூதக்கண்ணாடி மாதிரி முகத்தை இழுக்காமல் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

பிறகு ஆதாரப் படத்தையும் ஓவியத்தையும் ஒரே அளவாக்கி, இரண்டையும் தலைகீழாகத் திருப்பிப் பக்கத்தில் வையுங்கள். தலைகீழாக இருக்கும்போது அது அம்மா என்று மனசு பதறாது. அளவு மட்டும் தெரியும். இரு கண்களுக்கு இடையே உள்ள தூரம், மூக்கின் அடியிலிருந்து மேலுதடு வரை உள்ள இடைவெளி, வாயின் ஓரம் கண்ணின் எந்த இடத்துக்கு நேராக வருகிறது என்று பாருங்கள். மேலுதட்டு இடைவெளி கொஞ்சம் கூடினாலே வயது ஏறிவிடும். 'பிடிக்கவில்லை' என்றால் ஓவியரால் எதையும் செய்ய முடியாது. 'இடது இமை தாழ்ந்திருக்கிறது, மேலுதடு மெலிந்திருக்கிறது' என்று சொன்னால் அரை நாளில் திருத்துவார். ஆயிலில் காய்ந்த பிறகும் மேலே திருத்தலாம்.

ஒரு வேண்டுகோள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுக் கருத்துக் கேட்காதீர்கள். அத்தைக்கு நாற்பது வயது அம்மா நினைவில் இருக்கும், பேத்திக்கு எழுபது வயது ஆச்சி. சொல்ல வேண்டியவர் ஒருவர் என்று முதலிலேயே முடிவு செய்து, அவர் பெயரையும் ஆர்டரில் எழுதிவிடுங்கள்.

சென்னையில் வரையக் கொடுத்ததை சிங்கப்பூருக்கு எப்படி எடுத்துவருவது? — வாசகர், சிங்கப்பூர்

அக்ரிலிக் கேன்வாஸ் என்றால் சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டலாம். வண்ணப் பக்கம் வெளியே இருக்க வேண்டும். உள்ளே வைத்துச் சுருட்டினால் வண்ணம் நசுங்கி மடிப்பு விழும். எந்தப் பைப்பின் மேல் சுருட்டுகிறோமோ அது 4 அங்குலத்துக்குக் குறையாத விட்டம், 6 இருந்தால் நல்லது. இடையில் பட்டர் பேப்பர் அல்லது கிளாசின் தாள். பப்பிள் ராப்பை வண்ணத்தின் மேல் நேரடியாகச் சுற்றவே கூடாது. நம் ஊர் வெயிலில் வேனுக்குள் அக்ரிலிக் இளகும், குமிழ்களின் வட்டம் வட்டமான தடம் வானத்திலும் முகத்திலும் பதிந்துவிடும். அப்படிப் பதிந்ததை எடுக்க வழி இல்லை. தாள் சுற்றிய பிறகு, குமிழ்கள் வெளியே பார்க்கும்படி பப்பிள் ராப் சுற்ற வேண்டும். ஆறு மாதம் ஆகாத ஆயில் படத்தைச் சுருட்ட வேண்டாம், பெட்டியில் தட்டையாக அனுப்புங்கள்.

தஞ்சாவூர் ஓவியம் பலகை, சுருட்ட முடியாது. கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் ஷீட் போட்டு, நான்கு மூலைக்கும் தெர்மாகோல் கொடுத்து, பிளைவுட் பெட்டி. சாதாரண மரச்சட்டத்தால் பெட்டி செய்தால் 'ஐஎஸ்பிஎம் 15' (மரப்பெட்டி வழியாகப் பூச்சி பரவாமல் தடுக்கும் சர்வதேச விதி) முத்திரை பெற்ற, வெப்பச் சிகிச்சை செய்த மரமாக இருக்க வேண்டும். முழுக்கப் பிளைவுட் என்றால் அந்த விதி பொருந்தாது.

இன்னொன்று: 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஓவியத்தை நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது. தஞ்சாவூர் பாணி புதிதாக இருந்தாலும் பழமையாகத் தோன்றும். 'ஆன்டிக் ஃபினிஷ்' கேட்டிருந்தால் இன்னும் மோசம். படத்தின் பின்புறம் ஓவியர் கையெழுத்து, வருடம், கூடவே பில். பழையதுபோல இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். விமானம் ஏறும் வாரத்தில் அலைய வேண்டாம். சிங்கப்பூரில் இறங்கும்போது பில்லின் மதிப்பில் ஜிஎஸ்டி வரலாம், 2024 முதல் அது 9 சதவீதம்.

ஆயில் படம் வந்து ஒரு மாதமாகிறது. வெள்ளைப் பகுதி காய்ந்துவிட்டது, கறுப்புத் தலைமுடி இன்னும் பிசுபிசுக்கிறது. வேலை மோசமா? — வாசகி, தூத்துக்குடி

இல்லை. ஐவரி பிளாக் மெதுவாகக் காயும் நிறம். ஆயில் வண்ணம் தண்ணீர் ஆவியாவது போலக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துத்தான் இறுகுகிறது. காற்றும் பகல் வெளிச்சமும் உள்ள அறையில் வையுங்கள். பீரோவுக்குள்ளோ துணி போட்டு மூடியோ வைத்தால் இன்னும் நாளாகும். நேர் வெயிலில் காய வைக்கக் கூடாது. தமர் வார்னிஷ் இப்போது பூச வேண்டாம், ஆறு மாதம் முதல் ஒரு வருடம் போகட்டும். ஓவியரே வந்து பூசித் தருவாரா என்று ஆர்டரின்போதே பேசிக்கொள்வது நல்லது.

மாட்டும்போது மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரைத் தவிர்த்து உள்சுவரில் மாட்டுங்கள். பிரேமின் கீழ் இரண்டு மூலைகளிலும் பின்பக்கம் ஒரு பாட்டில் கார்க்கை வெட்டி ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்று போகும். தூத்துக்குடிக் கடற்காற்றில் கொக்கியும் கம்பியும் துருப்பிடிக்கும் என்பதால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குங்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 4 அடி 9 அங்குல உயரத்தில் இருக்கட்டும். எல்லோரும் உட்கார்ந்தே பார்க்கும் அறை என்றால் ஓர் அரையடி இறக்கலாம்.